தூக்கம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்

மறதி நோய் வந்த பெரியவர் ஒருவரின் இ.இ.ஜி. அறிக்கை, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்த அறிக்கை, கைக்கு வந்தால், கடைசி வரியில் இருக்கும் முடிவை நான் முதலில் பார்ப்பதில்லை. பதிவின்போது அவர் தூங்கினாரா, எவ்வளவு நேரம், எந்த ஆழம் வரை போனார் என்ற வரியைத்தான் தேடுவேன். பல அறிக்கைகளில் அந்த வரியே இருக்காது. விழித்த நிலையில் எடுத்தது, இயல்பாக இருக்கிறது, அவ்வளவுதான். "மூளையில கரண்ட் ஓட்டம் எல்லாம் சரியா இருக்காம்" என்று குடும்பம் நிம்மதியாகக் கிளம்பிவிடும்.

மதுரையில் ஒரு நரம்பியல் பிரிவில் பல வருஷமாக இ.இ.ஜி. டெக்னீஷியனாக இருக்கிறேன். அறிக்கை எழுதுவது மருத்துவர். தலையை அளந்து, மின் அலையை வாங்கும் எலக்ட்ரோடுகளை ஒட்டி, பதிவு ஓடி முடியும்வரை பக்கத்தில் இருப்பது நான். மறதி நோய்களில் அதிகம் வருகிற அல்சைமர் நோயைப் பொறுத்தவரை, பகலில் விழித்திருக்கும்போது எடுக்கும் இருபது முப்பது நிமிஷப் பதிவு பாதி விஷயத்தைக்கூடச் சொல்லாது என்று இந்த வேலையில் தெரிந்துகொண்டேன். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லா வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இந்த இயந்திரம் எதை அளக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ஜெனா என்ற ஊரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. அளப்பது மட்டும் இன்றும் அதே மைக்ரோவோல்ட் கணக்குதான், அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆரோக்கியமான பெரியவர் கண்ணை மூடி விழித்திருந்தால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 அலைகள் ஓடும். அல்சைமரில் அந்த வேகம் மெல்ல மெல்ல ஏழு, ஆறு என்று இறங்கும். அறிக்கையில் 'ஸ்லோயிங்' என்று எழுதியிருந்தால் அதுதான் அர்த்தம். அதைப் பார்த்து வலிப்பு என்று பயப்பட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறொரு அலை. திடீரென்று கூராக எழும்பி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அடங்கிவிடும். 70 மில்லிசெகண்டுக்குள் முடிந்தால் ஸ்பைக், அதிலிருந்து 200 வரை போனால் ஷார்ப் வேவ். வலிப்பு நோயாளிகளிடம் பார்க்கிற அதே வகைதான். வாழ்க்கையில் ஒருமுறைகூட ஃபிட்ஸ் வராத அல்சைமர் நோயாளிகளிடமும் இது வருகிறது. கை கால் வெட்டாது, நுரை தள்ளாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. பெரும்பாலும் அவர்கள் தூங்கும்போதுதான் வருகிறது.

செல்லூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மா தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஐயாவுக்கு மறதி நோய் என்று ஏற்கெனவே சொல்லி, மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு இடத்தில் எடுத்த பகல் இ.இ.ஜி. ஒன்றும் கையில் இருந்தது, இயல்பு என்று. நான் எலக்ட்ரோடுக்கு இடம் அளந்துகொண்டிருக்கும்போது அந்த அம்மா சொன்னது இது:

"பகல்ல மறக்குறது எனக்குப் புரியுதும்மா. வயசாயிருச்சு, நோவு வேற. ஆனா விடியக்காலம் எந்திரிச்சா ஒரு அரை மணி நேரம் ஆளே வேறயா இருக்காரு. 'நீ யாரு, எங்க வீட்ல என்ன பண்ற'ங்கிறாரு. வாயி மட்டும் வெத்தல போட்ட மாதிரி மென்னுக்கிட்டே இருக்கு. அவரு வெத்தலய விட்டு எத்தனையோ வருசமாச்சு. அப்புறம் தானா தெளிஞ்சு, காப்பி எங்கன்னு கேப்பாரு."

நரம்பியல் மருத்துவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்தபோது அந்த அம்மா இதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "மறதியப் பத்திதான கேட்டாங்க" என்றார். நான் அதை அப்படியே மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். ராத்திரி முழுக்க வீடியோவோடு பதிவு எடுக்கச் சொன்னார். விழித்திருந்த நேரத்துப் பதிவில் கொஞ்சம் ஸ்லோயிங் தவிர ஒன்றும் கிடையாது. தூக்கத்தின் இரண்டாம் நிலைக்கு, அதாவது கண் சொக்குவதைத் தாண்டிய தூக்கத்துக்குப் போனதும் இடது பக்கம், காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டை ஒட்டி ஒட்டியிருந்த எலக்ட்ரோடுகளில் ஸ்பைக் வர ஆரம்பித்தது. ஆள் குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாலையில் ஒரு சிறு வலிப்பும் பதிவானது. வீடியோவில் தெரிந்ததெல்லாம் கண் திறந்ததும், வாய் மென்றதும், போர்வை நுனியை விரல் கசக்கியதும்தான்.

வலிப்புக்கான மாத்திரை குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். விடியற்காலைக் குழப்பம் நன்றாகக் குறைந்தது. போன ஞாபகம் திரும்பவில்லை, அந்த நோய் அதன் போக்கில் போகிறது. ஆனால் காலையில் எழுந்ததும் மனைவியை அடையாளம் தெரிகிறது என்பது அந்த வீட்டில் சின்ன விஷயம் கிடையாது.

இந்த வேலையில் இருப்பதால் ஆராய்ச்சிகளையும் தேடிப் படிப்பேன். 2007-இல் சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில் ஹோர்கே பாலோப், லெனார்ட் மக்கி குழுவினர், அமிலாய்டு என்ற, அல்சைமரில் மூளையில் படியும் புரதம் அதிகமாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளின் மூளையில் இந்த மறைவான வலிப்பு அலைகளைக் காட்டினார்கள். எலிகள் வெளியே சாதாரணமாகத்தான் இருந்தன. அதுவரை அல்சைமரில் வரும் வலிப்பை, மூளை அழிந்த பிறகு கடைசிக் கட்டத்தில் வரும் பின்விளைவு என்றே பலரும் நினைத்தார்கள். ஆரம்பக் கட்டத்திலேயே இது நடக்கலாம் என்ற எண்ணம் பலமானது அதற்குப் பிறகுதான்.

மனிதர்களில் பார்த்தவர் கீத் வோசல் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர். 2016-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், வலிப்பு வந்தே இராத 33 அல்சைமர் நோயாளிகளுக்கு ராத்திரி முழுக்க வீடியோ இ.இ.ஜி.யும், ஒரு மணி நேரம் எம்.இ.ஜி. என்ற காந்தப்புலப் பதிவும் எடுத்தார்கள். 42.4 சதவீதம் பேரிடம் மறைவான வலிப்பு அலைகள் இருந்தன. ஒப்பிடுவதற்காக எடுத்த 19 ஆரோக்கியமான முதியவர்களில் 10.5 சதவீதம். அலைகள் இருந்த நோயாளிகளின் நினைவுத்திறன் மதிப்பெண், முப்பதுக்கு வைக்கும் தேர்வில், வருஷத்துக்கு 3.9 புள்ளி இறங்கியது, இல்லாதவர்களுக்கு 1.6. அந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே நான் தூக்கப் பதிவுக்கு இவ்வளவு மல்லுக்கு நிற்கிறேன். புடாபெஸ்ட்டிலும் ஒரு குழு நோயாளிகளுக்கு 24 மணி நேரப் பதிவு எடுத்துத் தூக்கத்தில்தான் பெரும்பகுதி வருகிறது என்று கண்டது.

பாஸ்டனில் ஆலிஸ் லாம் குழுவினர் 2017-இல் இன்னும் ஒருபடி போனார்கள். கன்னத்தின் வழியாக, மண்டையோட்டின் அடியில் இயற்கையாகவே உள்ள துளைக்குள் மெல்லிய எலக்ட்ரோடைச் செலுத்தி, நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலேயே பதிவு செய்தார்கள். இரண்டே நோயாளிகள்தான். ஹிப்போகாம்பஸில் தூக்கத்தில் வலிப்பு ஓடுகிறது, அதே நேரத்தில் மண்டைக்கு மேலே ஒட்டிய எலக்ட்ரோடில் ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, 'இயல்பு' என்று வருகிற எந்தப் பதிவையும் நான் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் தூக்கத்தில்? விழித்திருக்கும்போது மூளை செல்கள் அதனதன் வேலையில் சிதறியிருக்கும். கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்தில் பெருங்கூட்டமாக ஒன்றுசேர்ந்து இயங்கி, ஒன்றுசேர்ந்து ஓயும். ஓரிடத்தில் கட்டுப்பாடு தளர்ந்திருந்தால் அந்தக் கூட்டு இயக்கம் அதைப் பெரிதாக்கிக் காட்டிவிடும். கனவுத் தூக்கத்தில் இந்தச் சேர்ந்தியக்கம் கலைந்துவிடுவதால் ஸ்பைக்கும் குறையும். இதில் என்னை வருத்தப்படுத்துவது ஒன்று உண்டு. பகலில் ஹிப்போகாம்பஸில் தங்கிய நினைவுகள் மூளையின் மேற்பரப்புக்குப் போய் நிலைப்பது இதே ஆழ்ந்த தூக்கத்தில்தான். ஏற்கெனவே ஞாபகம் நழுவுகிறவருக்கு, ஞாபகம் பதிய வேண்டிய நேரத்திலேயே இந்த இடைஞ்சல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நரம்பு செல் அதிகமாக இயங்கினால் அமிலாய்டு வெளிப்படுவதும் கூடும் என்று செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் காட்டினார்கள். தூக்கம் கெட்டால் எலிகளில் அமிலாய்டு கூடுகிறது என்று அதே பல்கலைக்கழகம் 2009-இல் காட்டியது. 2018-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 20 பேரை ஒரே ஒரு ராத்திரி தூங்கவிடாமல் வைத்து ஸ்கேன் எடுத்தபோது ஹிப்போகாம்பஸ் பகுதியில் அமிலாய்டு சற்றுக் கூடியிருந்தது. அமிலாய்டு கூடினால் செல்கள் இன்னும் துடிப்பாகும், துடிப்பு கூடினால் தூக்கம் கெடும். 'தூங்கினால் மூளை தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை மட்டும் நான் யாரிடமும் அடித்துச் சொல்வதில்லை. 2013-இல் எலிகளில் தூக்கத்தின்போது செல்களுக்கு இடையே உள்ள வெளி 60 சதவீதம் விரிகிறது என்று கண்டது உண்மை. 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு, தூக்கத்தில் கழிவு வெளியேறுவது குறைகிறது என்று நேரெதிராகச் சொன்னதும் உண்மை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்கள் எல்லோருக்கும் ராத்திரிப் பதிவு எடுப்பது நடக்கிற காரியமில்லை, தேவையும் இல்லை. யாருக்குக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். தூங்கி எழுந்ததும் ஆள் மாறிப்போகிறவர்கள். நடுவில் சில நிமிஷம் வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்ததே தெரியாமல் இருப்பவர்கள். ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் முழு இருட்டு என்று ஏறி இறங்குகிறவர்கள். வயது அறுபதுக்குக் கீழே இருக்கும்போதே நோய் தொடங்கியவர்கள். நோய் வழக்கத்தைவிட வேகமாக முற்றுகிறவர்கள்.

ராத்திரியில் ஏதாவது நடந்தால் செல்போனில் வீடியோ எடுங்கள். விளக்கைப் போடுங்கள், முகமும் இரண்டு கையும் தெரியும்படி எடுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், 'இது யாரு' என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்பது பதிவாகட்டும். மணி குறித்துக்கொள்ளுங்கள். படுக்கை நனைந்ததா, நாக்கில் பல் பட்டதா, தெளிய எவ்வளவு நேரம் ஆனது என்று மறுநாள் எழுதி வையுங்கள். எங்கள் மருத்துவர் இந்த வீடியோவைத்தான் முதலில் கேட்பார். ராத்திரியில் நடக்கும் எல்லாமே வலிப்பு கிடையாது. விடியும் நேரத்தில் கனவைக் கண்டபடியே கை வீசி உதைக்கிறவர்களுக்கு அது வேறு தூக்கக் கோளாறாக இருக்கலாம். குறட்டை நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவர்களுக்கு வேறு பரிசோதனை வேண்டும். திடீரென்று இரண்டு மூன்று நாளில் குழப்பம் கூடினால் முதலில் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ இருந்தால் மருத்துவர் இவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுவார்.

இனி பதிவுக்கு வருவது பற்றி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நல்ல பதிவு பாதி வீட்டிலேயே தயாராகிவிடுகிறது.

தலைக்கு எண்ணெய் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பாசமாகத் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தேய்த்து, இறுக்கிப் பின்னி, பூ வைத்து அப்பத்தாவை அனுப்பிவைப்பார்கள். எண்ணெய் இருந்தால் பேஸ்ட் பிடிக்காது, மின்தடை ஏறிவிடும், அந்த மைக்ரோவோல்ட் அலை இரைச்சலில் காணாமல் போகும். முதல் நாளே சீயக்காயோ ஷாம்பூவோ போட்டுக் குளிப்பாட்டி, முடியை நன்றாக உலரவிட்டுக் கூட்டி வாருங்கள். தலைச்சாயம் பரவாயில்லை. நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தால் அங்கே ஒட்டும் எலக்ட்ரோடு நிற்காது. நான் துடைப்பதற்கு முன் "ஐயா, கொஞ்சம் துடைச்சுக்கிறேன், முடிஞ்சதும் நானே வச்சு விடுறேன்" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். கேட்காமல் துடைத்தால் அந்தக் கோபத்தில் அன்றைக்குத் தூக்கமே வராது.

பட்டினி போட வேண்டாம், சர்க்கரை இறங்கினால் அலைகள் மாறும். மருத்துவர் நிறுத்தச் சொல்லாத எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தூக்கம் வர வேண்டும் என்பதற்காக முதல் நாள் ராத்திரி முழிக்கச் சொல்வது இளவயது வலிப்பு நோயாளிகளுக்குச் சரி. மறதி நோயாளியை ராத்திரி முழுக்க முழிக்க வைத்தால் மறுநாள் குழப்பம் ஏறி, கீழே விழவும் கூடும். எவ்வளவு முழிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்கிற பழக்கம் உள்ளவரா? அந்த நேரத்துக்கே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். காலை காபி போதும், மறு காபி வேண்டாம். அவர் வழக்கமாகப் படுக்கிற தலையணை, போர்வை, கண்ணாடி, காது மெஷின் கூட வரட்டும். தினமும் பக்கத்தில் இருப்பவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். வெளியூரிலிருந்து வந்த பிள்ளை பில் கட்டப் போகலாம்.

வயரைப் பார்த்ததும் பயப்படுகிறவர்கள் உண்டு. "கரண்ட் வைக்கப் போறியா" என்று ஒரு தாத்தா என் கையைத் தட்டிவிட்டார். நாங்கள் மூளைக்குள் மின்சாரம் எதையும் செலுத்துவதில்லை, அங்கே இருப்பதை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஒருமுறை சொன்னால் போதாது, ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடும். ஒவ்வொரு எலக்ட்ரோடு ஒட்டும்போதும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வேன். ராத்திரிப் பதிவென்றால் தலைக்கு க்ரேப் பேண்டேஜ் சுற்றி, வயர் கொத்தை முதுகுப் பக்கம் விட்டுவிடுவோம். கண்ணுக்குத் தெரியாததை அவர்கள் இழுப்பதில்லை. தலை வழியாகக் கழற்ற வேண்டிய பனியன், டீ-ஷர்ட் வேண்டாம். பட்டன் வைத்த சட்டை போட்டு அழைத்து வாருங்கள்.

ராத்திரி முழுக்க எடுக்கும் வசதி உங்கள் ஊரில் இல்லையென்றால், மதியத் தூக்கத்தோடு ஒரு மணி நேரப் பதிவு எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அறிக்கை வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி: "தூக்கம் பதிவாச்சா? ரெண்டாம் நிலை வரைக்கும் போனாரா?" இல்லையென்றால் மறுபடி எப்போது எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அதே அளவுக்கு எதிர்ப்பக்கமும் கவனம் வேண்டும். கண் சொக்கும் நேரத்தில் முதியவர்களுக்கு வரும் சில கூரான அலைகள் முற்றிலும் சாதாரணமானவை. 'விக்கெட்' என்று ஒரு வகை, சின்ன ஷார்ப் ஸ்பைக் என்று ஒரு வகை. அவசரமாகப் பார்த்தால் வலிப்பு என்றே எழுதத் தோன்றும். உண்மையான ஸ்பைக்காகவே இருந்தாலும், அது இருப்பதால் மட்டும் ஒருவருக்கு வலிப்பு நோய் என்று ஆகாது. ஆரோக்கியமான முதியவர்களில் பத்தில் ஒருவரிடமும் இருந்தது என்று மேலே சொன்னேனே. 'ஃபிட்ஸாமே' என்று சொந்தக்காரர்களிடம் பரப்ப வேண்டியதில்லை. மருந்து தேவையா என்பதை நோயாளியை நேரில் பார்க்கும் நரம்பியல் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நிஜமாகவே கை கால் வெட்டி வலிப்பு வந்தால், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள், இரும்பு எதையும் நிறுத்தாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் மாத்திரைகளில் எச்சரிக்கை தேவை. வலிக்குக் கொடுக்கும் டிரமடால், சில கிருமிக்கொல்லி மருந்துகள் வலிப்பைத் தூண்டக்கூடியவை. தூக்கம் வரட்டும் என்று கொடுக்கிற சில சளி, அலர்ஜி மாத்திரைகள் மறதி நோயாளியின் குழப்பத்தைக் கூட்டும். மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் சாப்பிடுகிறவருக்குப் பயங்கரக் கனவு வந்தால், ராத்திரி போடுவதைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், அதைச் சாப்பிட்டால் ஞாபகம் திரும்புமா என்று. 2021-இல் வோசல் குழு அல்சைமர் நோயாளிகள் 34 பேருக்கு 125 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் பலன் இல்லை. மறைவான வலிப்பு அலைகள் இருந்தவர்களிடம் மட்டும் கவனத் தேர்விலும் வழி கண்டுபிடிக்கும் தேர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. சின்ன ஆய்வு, ஆனால் யாரிடம் அலை இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கு அது போதுமான காரணம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது என்று யாரும் தாமாக ஆரம்பிக்கக் கூடாது.

மருத்துவர் அதை எழுதிக்கொடுத்திருந்தால், ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சிலருக்கு எரிச்சல், கோபம், பகலில் சொக்கல், நடையில் தள்ளாட்டம் வரும். நோய் முற்றிவிட்டது என்று வீடு நினைத்துக்கொள்ளும். தேதி இருந்தால் மாத்திரையின் வேலையா என்று மருத்துவரால் சொல்ல முடியும். பிடிக்கவில்லை என்று சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும், அவர் சொல்கிற கணக்கில்தான் குறைக்க வேண்டும். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், கடைசியாக எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.